மாடியில் செய்த மேசை

நான்காவது காலும் தரையைத் தொட்டுவிட்டது. குமாரசாமி மேசையின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான், பிறகு எதிர்மூலையில், பிறகு மற்ற இரண்டிலும். ஆடவில்லை. நேற்று மாலை வரை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு காலை ரம்பத்தால் கொஞ்சம் அறுத்தால் இன்னொரு கால் தூக்கிக்கொண்டது, அதை அறுத்தால் முதல் கால் மறுபடியும் தூக்கியது, இப்படியே போனால் கடைசியில் இது மணைப்பலகையாகத்தான் வந்து நிற்கும் என்று துணி உலர்த்த வந்த வசுமதி சொல்லிவிட்டுப் போனாள். மணைப்பலகை போதுமென்றால் இவ்வளவு பாடே இல்லை. மணையில் உட்கார முடியாத ஒருத்திக்காகத்தான் இந்த மேசை. மதியம் அக்கா வருகிறாள். மகள் அபிராமியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறாள், தாய்மாமனுக்கு நேரில் வந்துதான் வைக்க வேண்டும், தபாலில் அனுப்புகிற காரியம் இல்லை. வந்தவள் இந்த மேசையின் முன்னால் உட்கார்ந்து, இதன் மேல் போட்ட இலையில் கை நனைக்க வேண்டும். இந்த வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று கை நனைக்காமல் எழுந்து போனவள் அதற்குப் பிறகு நனைக்கவே இல்லை. அபிராமி அப்போது பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற பெண். நடுவில் வசுமதியின் அம்மா போனபோது அக்கா வந்தாள், வாசலோடு நின்றாள், அழவும் அழுதாள், திரும்பிப் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. இல்லை, அப்படி நினைப்பது அழகில்லை. அவள் அழுதது நிஜம்தான். தொட்டியின் நிழல் கொஞ்சம் நகர்ந்து மேசையின் ஓரத்தில் வெயில் ஏறியிருந்தது. காலை நேரத்தில் மாடியில் அந்த ஒரு மூலையில் மட்டும்தான் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். லீவு போட்ட இந்த நாட்களில் காலையெல்லாம் அவன் அந்த நிழலைவிட்டு நகரவில்லை, மேசையும் நகரவில்லை. உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தான். தேய்க்கத் தேய்க்க மரத்திலிருந்து ஒரு புளித்த வாசனை வந்தது, அது அடுப்படியிலிருந்து மேலேறி வந்த மோர்க்குழம்பின் வாசனையோடு கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான். "கீழ உக்காந்தா எந்திரிக்க முடியலடா தம்பி, அதனால சாப்பாடு கீப்பாடுன்னு எதையும் இழுத்து வைக்காதீங்க. பத்திரிகைய வெச்சிட்டு உடனே கெளம்பிருவோம்." நாலைந்து நாளாக அவன் இதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறான். முழங்கால் வலி உண்மை. மாமா வீட்டில் அத்தை செத்தபோது அவள் வாசற்படி இறங்குவதற்கு நிலையைப் பிடித்துக்கொண்டதை அவனே பார்த்தான். ஆனால் முழங்கால்தான் காரணமா? முழங்கால் இல்லாவிட்டால் சாப்பிட்டிருப்பாளா? பழைய காரணத்தைச் சொல்லிக் கல்யாண நேரத்தில் மனக்கசப்பு வேண்டாம் என்று முழங்காலை முன்னே தள்ளிவிட்டாளா? அப்படியானால் அது ஒரு மரியாதை, அந்த மரியாதையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, சரிக்கா, உடம்பைப் பார்த்துக்க என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு. "டேபிள் இருக்குக்கா. நாங்க இப்பல்லாம் டேபிள்லதான் சாப்புடுறோம்." பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்துதான் அவள் ஆய்ந்துகொண்டிருந்தாள், அந்தத் தரையில்தான் இரண்டு பேரும் சற்று முன் சாப்பிட்டு எழுந்திருந்தார்கள். அந்தப் பக்கம் அக்கா "அப்படியா" என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். இந்த அப்படியாவை அவன் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டான். உனக்கு அவ்வளவு வந்துடுச்சா என்கிற மாதிரி. அப்ப சரி, சாப்புடலாம் என்கிற மாதிரி. நீ பொய் சொல்றேன்னு தெரியுது என்கிற மாதிரி. அக்காவின் குரலில் எல்லாமே பொருந்தி வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் காவிரிக்கரையில் சுற்றிவிட்டு வந்து, இன்னைக்கு டீச்சர் வரலக்கா என்று சொன்னாலும் அவள் இதே அப்படியாதான் சொல்வாள், சொல்லிவிட்டுத் தட்டில் சோற்றைப் போடுவாள். தெரிந்து போட்டாளா தெரியாமல் போட்டாளா என்று அப்போதும் அவனுக்குத் தெரியாது.

மேசையைக் கடையில் வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பொழுதுக்குக் கேட்டுத் தூக்கி வந்திருக்கலாம். இரண்டையும் வசுமதி சொன்னாள். கட்டிலில் உட்காரவைத்து முன்னால் ஸ்டூலைப் போட்டால் போதாதா என்றுகூடச் சொன்னாள். அவன் யோசித்தது வேறு மாதிரி. கடை மேசை பளபளவென்று நிற்கும், வார்னிஷ் வாசனை அடிக்கும், உள்ளே நுழைந்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிடும். இரவல் மேசையைத் தெருவே பார்த்துவிடும். பொய் நிற்க வேண்டுமென்றால் மேசை இந்த வீட்டில் கொஞ்ச காலம் கிடந்த மாதிரி இருக்க வேண்டும். வீடு கட்டும்போது பரணுக்கும் அலமாரிக்கும் வாங்கி மிஞ்சிய பலகைகளும் சட்டங்களும் மாடிப்படிக்குக் கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. சுண்ணாம்புக் கறையும் எலி கடித்த ஓரமுமாகப் பழசாகவே இருந்தன. அவற்றில் செய்தால் பழைய மேசையாகவே பிறக்கும். மர வேலை அவனுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் கைத்தொழில் பாடத்தில் ஒரு சோப்புப் பெட்டி செய்தான், அதற்கு மூடி பொருந்தவில்லை, அத்தோடு சரி. ஆனாலும் ஒரு பலகை, நாலு கால், கால்களைச் சேர்த்துப் பிடிக்க நாலு சட்டம், இதில் என்ன பெரிய வித்தை இருந்துவிடப் போகிறது என்று தோன்றியது. வித்தை இருக்கத்தான் செய்தது. பலகை நடுவில் லேசாக வளைந்திருந்தது. ஆணி அடித்தால் சட்டம் பிளந்தது, பிறகு துளை போட்டுத் திருகாணி முடுக்கினான். கட்டைவிரலில் சிராய் ஏறி, எடுத்தும் பாதி உள்ளேயே நின்றுவிட்டது, இப்போதும் அழுத்தினால் சுருக்கென்கிறது. எல்லாம் முடுக்கி முடிந்ததும் நேற்று சுடச்சுடக் காப்பி டம்ளரைப் பலகை மேல் வைத்து வைத்து எடுத்தான். நாலைந்து வட்டங்கள் விழுந்தன. ஒரு ஓரத்தில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைத்தான். வசுமதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், நானும் ரொம்ப நாளா டேபிள்ல சாப்புட்ட மாதிரி மூஞ்சிய வெச்சுக்கணுமா, இல்ல இந்த மேசை மட்டும் வெச்சுக்கிட்டா போதுமா என்று கேட்டாள். அவன் மஞ்சளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சிரித்திருக்கலாம், அவள் அதற்குத்தான் சொன்னாள். இவ்வளவு ஏற்பாட்டையும் ஒருவர் வெளியிலிருந்து பார்த்தால் மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார். அவனே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைமுடியெல்லாம் மரத்தூளாக ஒருவன் உட்கார்ந்து, இல்லாத காலத்தை ஒரு பலகைக்குள் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு நடந்ததை அவன் பார்க்கவில்லை. கேட்டதுதான், அதுவும் ஆளுக்கொரு விதமாக. கூடத்தில் பந்திப்பாய் விரித்து முதல் பந்தி உட்கார்ந்திருக்கிறது. அக்காவும் உட்கார்ந்துவிட்டாள், இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டாள், உப்பும் இனிப்பும்கூட வைத்தாயிற்று. அந்த நேரத்தில் வசுமதியின் சித்தப்பா, யாரோ வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தவர், இடம் பார்த்து, நீங்க வீட்டு மனுஷிதானே, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாமே என்றிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது ஒரு பேச்சு. கையைக் காட்டி எழுப்பினார் என்பது ஒரு பேச்சு. சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவரைக் கேட்க முடியாது. வீட்டு மனுஷி என்பது ஏசுகிற வார்த்தை இல்லை. வீட்டு மனுஷி கடைசியில்தான் சாப்பிடுவாள், எல்லா விசேஷத்திலும் அக்கா கடைசியில்தான் சாப்பிட்டிருக்கிறாள். அம்மா போன பிறகு வீட்டில் அவள் முதலில் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மட்டும் முதல் பந்தியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி வீடு கட்டிவிட்டான், இனி ஓடியாடிப் பரிமாற வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். எழுந்துவிட்டாள். இலையை மடிக்கக்கூட இல்லை. போகும்போது வாசலில் நின்றிருந்த ஒருவரிடம், அவன் எங்க இருந்தான் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அவன் மாடியில் இருந்தான். பழைய வாடகை வீடு மழைக்கு ஒழுகி ஒழுகி, பாத்திரம் வைத்து வைத்து அலுத்துப்போய், இந்த வீட்டின் மாடிக்குத் தட்டோடு பதிக்கும்போது கொத்தனாரை விடாமல் பிடித்துக்கொண்டு வாட்டம் கொடுக்கச் சொன்னான். மழைத்தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் சரிந்து வந்து, நடுவில் ஓடைபோல் கூடி, மூலையில் இருக்கும் குழாய்க்குள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்க வேண்டும். இறங்கியது. அந்தப் பெருமையில், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களில் வீடு கட்டுகிற யோசனையில் இருந்த நாலு பேரை மேலே அழைத்துப் போய், வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். கொட்டிய தண்ணீர் மினுங்கிக்கொண்டு மூலைக்கு ஓடி, குழாய்க்குள் புகுந்து, கூடத்து ஜன்னலுக்கு வெளியே தொபதொபவென்று விழுந்தது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? நீ எழுந்துபோன நேரத்தில் நான் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட, நானும் அங்கேதான் நின்றேன், தடுக்கவில்லை என்று சொல்வது மேல். அதிலாவது ஒரு கெட்ட எண்ணம் இருக்கும், கெட்ட எண்ணத்தை மன்னிக்கலாம். தண்ணீர் ஓடுவதை என்ன செய்ய முடியும்?

உப்புத்தாள் மழுங்கிவிட்டது. புதுத்தாளைக் கிழித்துச் சுற்றி, டம்ளர் வட்டங்களில் படாமல் தேய்த்தான். அத்தை செத்த வீட்டு ஞாபகம் மறுபடியும் வந்தது, அவன் கூப்பிடாமலே வந்தது. போன ஐப்பசி. தூறலில் பந்தலுக்குக் கீழே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிறந்த வீட்டுக் கோடி எங்கே, பிறந்த வீட்டுக் கோடி வந்துடுச்சா என்று யாரோ சத்தம் கொடுத்தார்கள். அத்தையின் தம்பி ஒருவர், மிகவும் வயதானவர், இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து புடவையை எடுத்து உடம்பின் மேல் போர்த்தினார். புடவையின் ஓரத்தில் கடைச்சீட்டு பிய்க்காமல் ஒட்டியிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. குமாரசாமி கூட்டத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அக்கா நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாளா, பார்வை அந்தப் பக்கம் இருந்ததா, சொல்ல முடியாது. ஆனால் அவள் என்ன நினைத்தாள் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஏனென்றால் அவனும் அதையேதான் நினைத்தான். ஒருநாள் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு இவன் போக வேண்டும். இவன் வீட்டில் கை நனைக்காதவள் அன்றைக்கு இவன் புடவையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அல்லது முன்பின்னாக இவனே போய்விட்டால் அவள் வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போவாள், அப்போதும் சாப்பிட வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததிலிருந்து கடைத்தெருவில் தறிப்புடவை தொங்குவதைப் பார்த்தால் கண் அதிலேயே போய் நிற்கிறது. பயம் என்று சொல்லத் தக்கதா என்று தெரியவில்லை. பல்லில் சிக்கிய நாரை நாக்கு தேடித் தேடிப் போகிற மாதிரிதான். வெயில் இப்போது மேசையின் பாதிக்கு வந்துவிட்டது. பலகையைக் கையால் தடவினான். ஒரு பக்கம் மழமழவென்றும் வளைந்த இடத்தில் இன்னும் சொரசொரவென்றும் இருந்தது. அங்கே இலை மூடிவிடும். கீழேயிருந்து வசுமதி, மணியப் பாத்தீங்களா, குளிக்க வேண்டாமா என்று கூப்பிட்டாள். தண்ணீர் குடித்தால் கை நனைத்த கணக்கா? இல்லை. காப்பி? காப்பிக்கும் கை நனைவதில்லை. அக்கா காப்பியோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பாள். காப்பியைக் கேட்டுக்கொண்டு வராதே, நேராக இலையைப் போட்டுவிடு என்று வசுமதியிடம் சொல்லி வைத்திருக்கிறான். அத்தானைப் பற்றிக் கவலை இல்லை. அவர் கோர்ட்டு வேலையாக இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மதியச் சாப்பாடு இங்கேதான், பந்தியில் உட்கார்ந்த மாதிரி மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, உங்கக்காகிட்ட மூச்சு விட்டுராதே மாப்பிள்ளை என்பார். முழங்கால்தான் காரணமா என்று அவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்னவோ.

மேசையை இறக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். வசுமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து முன்பக்கத்தைப் பிடித்தாள், அவன் பின்பக்கம். படி திரும்புகிற இடத்தில் கால்கள் சுவரில் மாட்டிக்கொண்டன. நிமிர்த்து என்று அவன் சொல்ல, எதை நிமிர்த்துறது, என்னையா மேசையையா என்று அவள் கேட்டாள். கொஞ்ச நேரம் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக, நடுவில் மேசையை வைத்துக்கொண்டு, போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றார்கள். அப்போது அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. இது இங்கேயே மாட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்துபோகும், அவன் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, படி குறுகலாக இருந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? அவள் ஒரு காலைச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள், மேசை வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. கூடத்தில் ஜன்னலோரம் போட்டார்கள். சுவர்ப்பக்கமிருந்த நாற்காலிகளை அவள் இழுத்து முன்னால் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டம்ளர் வட்டங்கள்கூட மேலே தெரிந்ததைவிட இங்கே பொருத்தமாகத் தெரிந்தன. வசுமதி மூலையில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். மேசை டக்கென்று அவள் பக்கம் சாய்ந்தது. கையை எடுத்தாள், டக்கென்று திரும்பிப் போய் நின்றது.

அவன் போய் எல்லா மூலையிலும் அழுத்தினான். ஆடியது. இரண்டு மூலைகளுக்கு நடுவில் மட்டும், ஊஞ்சல்போல, ஒரு விரல் கனத்துக்கு. மேசையை நகர்த்திப் போட்டான், ஆடியது. திருப்பிப் போட்டான், அப்போதும் அதே இரண்டு மூலைதான். படியில் இடித்ததில் கால் ஏதாவது விட்டுக்கொண்டதா என்று குனிந்து பார்த்தான், எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. சற்று முன்னால் ஆடவில்லை. இது அவனுக்குப் புரியவே இல்லை. படியேறி மாடிக்குப் போனான். அந்த மூலையில் மரத்தூள் பரவிக் கிடந்தது, நாலு கால்கள் இருந்த இடம் மட்டும் தூள் இல்லாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. இரண்டு சதுரங்கள் வாட்டத்தின் இந்தச் சரிவிலும் இரண்டு அந்தச் சரிவிலும். நடுவில் குழாய்க்குப் போகிற பள்ளம். மேசை அந்தப் பள்ளத்தின் மேல் கால்களை அகட்டி நின்றிருக்கிறது. இத்தனை நாளும் அவன் ரம்பத்தை வைத்துக்கொண்டு, கொத்தனாரிடம் வம்பு பண்ணி வாங்கிய அந்த வாட்டத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு காலாக அறுத்துக் கொடுத்திருக்கிறான். இந்த உலகத்தில் இந்த மேசை ஆடாமல் நிற்கும் இடம் இது ஒன்றுதான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. தரையில் கொஞ்சம் மரத்தூளை ஊதினான், அது எழும்பித் திரும்ப அங்கேயே விழுந்தது. கீழே இறங்கி வந்து சொன்னதும் வசுமதி, அப்ப அக்காவை மாடிக்கு ஏத்திருவோமா என்றாள். கேட்டுவிட்டு அவளே அட்டை எதையாவது மடித்து வைக்கலாம் என்று உள்ளே தேடப் போனாள். அவன் குளிக்கப் போனான். குளித்துவிட்டுச் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அட்டை இன்னும் அகப்படவில்லை.

அக்கா அவன் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தாள். பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள், ஒவ்வொரு அடிக்கும் உதட்டை லேசாக மடித்துக்கொண்டாள். பின்னால் அத்தான் தாம்பாளத்தோடு. வசுமதி வாங்கக்கா, வாங்கண்ணே என்றாள். கூடத்துக்கு நடுவில் நின்று, வெற்றிலைப் பாக்கும் பழமும் மஞ்சள் தடவிய பத்திரிகையுமாகத் தாம்பாளத்தை அக்காவும் அத்தானும் சேர்ந்து நீட்ட, இவனும் வசுமதியும் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். முன்னாடியே வந்துரணும், மாமன் வந்துதான் எல்லாம் ஆரம்பிக்கணும் என்று அக்கா மனப்பாடம் பண்ணியது மாதிரி சொன்னாள். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. இனிப் போகலாம், அல்லது இருக்கலாம். வசுமதி, கை கழுவிட்டு வாங்க, இலை போட்டுர்றேன் என்றாள், அவன் சொல்லி வைத்தபடியே. அத்தான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கூடத்தைத் தாண்டி, அடுப்படியை ஒட்டிய சின்னச் சந்தில் திரும்பி, கொல்லைப்பக்கத்துக் குழாயடிக்கு நேராகப் போய்விட்டார். கிரகப்பிரவேசத்தன்று அந்தக் குழாயே கிடையாது. அக்கா அவர் போன திக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வழியெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு இவருக்கு" என்றாள்.

வசுமதி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். குமாரசாமி தாம்பாளத்தை வைக்க இடம் தேடுகிறவன்போலச் சுவரைப் பார்த்தான். அக்கா ஜன்னலோரம் நடந்து வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. மேசையைப் பார்த்தாள், டம்ளர் வட்டங்களைப் பார்த்தாள், ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்துச் சுற்றினாள். பிறகு அவன் தலையைப் பார்த்தாள். குளித்த பிறகும் காதோரத்தில் மரத்தூள் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவள் மேசை மேல் கையை ஊன்றினாள், அது டக்கென்று சாய்ந்தது. கையை எடுத்தாள், திரும்பி நின்றது. சிறு பிள்ளைபோல மறுபடியும் ஒருமுறை ஊன்றி எடுத்தாள்.

"ஆடுதேடா."

"மாடியில வெச்சு செஞ்சேங்க்கா" என்றான். சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று தெரிந்தது. இனி நிறுத்துவதற்கும் ஒன்றுமில்லை. "மாடித்தரை வாட்டமா இருக்கும். அது எனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சு."

"வாட்டம் தெரியுமே எனக்கு" என்றாள் அக்கா. ஜன்னலுக்கு வெளியே குழாய் இறங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அன்னைக்கு இந்தக் கொழாய்ல தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்த மனுஷன் என்னமோ சொல்றாரு, எனக்குச் சரியாக் காதுலயே விழல. வெளியில வெயிலு, மழை இல்ல, எங்கேருந்துடா இவ்வளவு தண்ணி கொட்டுதுன்னு இருந்துச்சு. வாசல்ல வந்து கேட்டப்பதான் சொன்னாங்க, நீ மேல வாட்டம் காட்டிக்கிட்டு இருக்கேன்னு." குழாயிலிருந்து கண்ணை எடுத்து மேலே கூரையைப் பார்த்தாள். "நல்லாத்தான் குடுத்திருக்கே. ஒழுகுறதில்லையே?"

"இல்லக்கா."

அவன் எங்க இருந்தான் என்ற அவள் கேள்வியை அவ்வளவு காலமும் சுமந்திருக்கிறான், அது கேள்வியே இல்லை. அவளுக்குப் பதில் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பதில் தெரிந்துதான் போயிருக்கிறாள். இதில் ஆறுதல் இருக்கிறதா, இன்னும் மோசமா என்று அவனால் சட்டென்று பிரிக்க முடியவில்லை. காலையில் மரத்தின் வாசனையையும் குழம்பின் வாசனையையும் பிரிக்க முடியாமல் போன மாதிரி இருந்தது. வசுமதி இலையோடு வந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் மேசைக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள். அக்கா திரும்பி, வசு, கீழ ஒரு பாயைப் போடு என்றாள். முழங்கால் வலியோட எப்படிக்கா என்று கேட்டுக்கொண்டே வசுமதி மேசைக்கு அந்தப் பக்கம் சுவரோரமாகப் பாயை விரித்தாள். அக்கா அவனைப் பார்த்து, "இதை ஆடாமப் புடி" என்றாள்.

அவன் தாம்பாளத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையின் தூக்கிக்கொண்ட மூலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். அக்கா எதிர்ப்பக்கத்து விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினாள். ஒரு காலைப் பின்னால் இழுத்தாள், இன்னொன்றை மெல்ல மடித்தாள். அவளுடைய கனம் முழுவதும் பலகை வழியாக அவன் கைக்கு வந்தது. கட்டைவிரலில் நின்றிருந்த சிராய் உள்ளே இறங்கியது. அவள் முகம் பலகைக்கு நேராக வந்து, பலகைக்குக் கீழே போய், விளிம்பைப் பிடித்த விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன, பிறகு அவையும் போயின. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது. எட்டிப் பார்த்தான். சுவரோரமாக, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி அக்கா பாயில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாளா என்று அவனுக்குத் தெரியாது, அவன் மாடியில் இருந்தான். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இலை விழுந்தது. அக்கா டம்ளரிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தெளித்தாள். தண்ணீர் இலையின் மேல் எந்தப் பக்கமும் ஓடாமல் முத்து முத்தாக நின்றது. கூடத்துத் தரை மட்டமாகத்தான் இருந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டாள். வசுமதி உப்பு வைத்தாள், பாயசம் ஒரு கரண்டி வைத்தாள், வாழைக்காய் வறுவல் வைத்தாள். இதுவரைக்கும் அன்றைக்கும் நடந்தது. அவன் மேசை மூலையை இன்னும் அழுத்திப் பிடித்தான். சோறு விழுந்தது, அதன் மேல் மோர்க்குழம்பு விழுந்து ஓரங்களில் இறங்கிற்று. அக்கா அதை விரலால் அணைத்துக்கொண்டு, பிசைந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"உப்பு போதல வசு" என்றாள்.

வசுமதி உப்பு எடுக்கப் போகும்போது, இன்னும் எதுக்கு அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, நீங்களும் உக்காருங்களேன் என்று அவனிடம் சொன்னாள். அவனும் கையை எடுக்கத்தான் பார்த்தான்.

"விட்டுராதடா" என்றாள் அக்கா, இலையிலிருந்து நிமிராமல். "எந்திரிக்கணும்ல நானு."

அவன் விடவில்லை. அவள் இரண்டாவது முறை குழம்பு கேட்டாள், பிறகு ரசம், பிறகு மோர். விரல்கள் மரத்துப்போயின. மேசை அசையாமல் நின்றது.